சின்னுசாமியின் நூற்றிருபதுக்கு எண்பது

கொல்லிமலையில் சின்னுசாமி அளவுக்கு வைத்தியம் பார்க்கப்பட்ட ஆள் வேறு யாரும் கிடையாது. ஏழு வருஷத்தில் அவர் கைக்கு மட்டும் முந்நூறு தடவை கட்டுப் போட்டிருப்பார்கள். முறியாத காலுக்கு மட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒருமுறை தலைக்காயம் என்று கண்ணையும் சேர்த்துச் சுற்றிவிட்டு, மணி அடித்ததும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு ஓடிவிட்டார்கள். மனிதர் அரைமணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். இத்தனைக்கும் அவருக்கு ஒரு நோயும் இல்லை. நோய் இல்லாததுதான் அந்த வேலைக்கு அவருடைய தகுதியே.

வளப்பூர் நாடு என்ற மலை ஊரில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, வீட்டை ஒட்டி இரண்டு பலாமரம். இதெல்லாம் மலையில் எல்லோரிடமும் இருப்பதுதான். ஊரில் நிமிர்ந்து நடப்பதற்கு அவரிடம் வேறொன்று இருந்தது. அரசு மேல்நிலைப் பள்ளியில் நர்சிங் குரூப்புக்கு நிரந்தர நோயாளி அவர்தான்.

மலைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே ஆஸ்பத்திரி வேலைக்குத் தயாராகட்டும் என்று, பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பில் ஏழு வருஷத்துக்கு முன்னால் நர்சிங் பிரிவு தொடங்கினார்கள். ஒரு கட்டில், ஒரு பிரஷர் மெஷின், ஒரு ஸ்டெதஸ்கோப், ஒரு பெரிய பொம்மை, எல்லாம் லாரியில் வந்து இறங்கின. பொம்மை இருந்த பெட்டியை இறக்கி வைக்க ஆள் இல்லாமல், ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த சின்னுசாமியைக் கூப்பிட்டார்கள். அவரும் தூக்கி வந்து வராந்தாவில் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியர் அர்த்தனாரி பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆள் உயரப் பொம்மை. கை மடங்கியது, கால் மடங்கியது, வயிற்றைத் திறந்தால் குடல் தெரிந்தது. உடனே ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிப் பொம்மையை அதில் பதிந்தார். பிறகு அதன் காலை மடக்கி, தன் அறையிலிருந்த பெரிய பீரோவுக்குள் உட்கார வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பொம்மை இல்லாம நான் எப்படிங்க சார் பாடம் நடத்தறது?" என்றார் நர்சிங் ஆசிரியை அம்சவேணி. அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதனால்தான் கேள்வி கேட்டார்.

"அரசாங்கச் சொத்துங்க டீச்சர். புள்ளைங்க கையில குடுத்து, அது ஒடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்ற அர்த்தனாரி சுற்றுமுற்றும் பார்த்தார். படியில் சின்னுசாமி இருந்தார். "அவரப் படுக்க வெச்சு நடத்துங்க."

சின்னுசாமி படுத்தார். காலையிலிருந்து மிளகுத் தோட்டத்தில் நின்ற உடம்பு, ஐந்தே நிமிஷத்தில் தூங்கிவிட்டது. அசையாத நோயாளி கிடைத்ததில் அம்சவேணிக்கு ஏக சந்தோஷம். மறுவாரமும் வரச் சொன்னார். அப்படித்தான் அது வழக்கமாகிப் போனது.

வேலையை அவர் சும்மா செய்யவில்லை. எந்தக் கட்டுக்கு எப்படி முனக வேண்டும், ஊசி என்றால் எப்போது முகம் சுளிக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் வருஷத்திலேயே அவருக்குப் பாடமாகிவிட்டது. தேர்வில் ஏதாவது ஒரு பெண் முதலில் கையைக் கழுவ மறந்து நின்றால், கட்டிலில் கிடந்தபடியே தன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக் காட்டுவார். வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. மாவட்டக் கூட்டத்தில் அர்த்தனாரிக்குக் கைதட்டினார்கள். பொம்மையும் பீரோவுக்குள் சுகமாக இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சரிபார்ப்பு என்று வெளியே எடுத்து, தூசி தட்டி, இருக்கிறது என்று எழுதி, திரும்ப உட்கார வைத்தார்கள்.

இந்த நூற்றுக்கு நூறுக்குப் பின்னால் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் வருஷத் தேர்வில் ஒரு பெண், சின்னுசாமியின் ரத்த அழுத்தம் 134-க்கு 86 என்று எழுதிவிட்டாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், அது ஏன் கூடியிருக்கிறது, எப்படிக் குறைப்பது, என்ன சாப்பிடச் சொல்வாய் என்று ஐந்து கேள்வி கேட்டார். பெண் அழுதுவிட்டாள். அன்றைக்கே அம்சவேணி ஒரு முடிவுக்கு வந்தார். எல்லோரும் 120-க்கு 80 என்று எழுத வேண்டியது, பக்கத்தில் நார்மல் என்று எழுதிச் சிவப்பு மையில் கோடு போட வேண்டியது. எந்தத் தேர்வாளரும் நார்மலைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பும் முந்தைய வகுப்பின் ரெக்கார்டு நோட்டை வாங்கி வரி மாறாமல் எழுதியது. முதல் நோட்டில் யாரோ குத்துமதிப்பாக 'வயது 45' என்று போட்டிருந்ததால், ஐம்பத்தாறு வயதாகிவிட்ட சின்னுசாமி நோட்டில் இன்னும் நாற்பத்தைந்திலேயே இருந்தார்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. சின்னுசாமியும் நினைக்கவில்லை. வாரத்துக்கு இருபது தடவை கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, இருபது பேரும் நார்மல் என்று எழுதினால் ஒரு மனிதன் வேறு என்ன நினைப்பான்?

இரண்டு வருஷமாகவே அவருக்கு அவ்வப்போது கிறுகிறுப்பு வந்துகொண்டிருந்தது. பின்மண்டையில் ஒரு வலி, காலையில் எழுந்ததும் இருக்கும். மிளகு பறிக்கிற காலத்தில் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில், கணுக்களே படியான ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி முப்பதடி ஏறவேண்டும். போன தை மாசம் பாதி ஏணியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. கீழே கூடையோடு நின்ற அவர் மனைவி பாவாயி பார்த்துவிட்டாள்.

"ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டீட்டு வாங்களேன்" என்றாள்.

"ஏன் புள்ள, இருவது நர்சு வாராவாரம் பாக்கற ஒடம்பு இது. நாமக்கல்லு கலெக்டரைக்கூட இத்தன பேரு பாக்கறதில்ல" என்றார்.

வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கும் பெண்ணும் அவர் வீட்டுக்குள் வருவதில்லை. வாசலோடு நின்று, "உங்களத்தான் ஸ்கூல்லயே பாத்தர்றாங்களே" என்று டிக் அடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். மலையில் அவரைத் தவிர எல்லோருடைய பிரஷரையும் யாரோ ஒருவர் உண்மையாகவே பார்த்திருந்தார்கள்.

இந்த வருஷம் செய்முறைத் தேர்வுக்கு முன்னால் அர்த்தனாரி அவரைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். "தேர்வு நல்லபடியா முடியட்டுங்க. ஆண்டு விழாவுல உங்களுக்குப் பொன்னாடை போத்தறம். சிறந்த நோயாளின்னு மேடையிலயே சொல்லிப்போடறன்." சின்னுசாமி வீட்டுக்கு வந்து வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டார். பாவாயி காரணம் கேட்க மாட்டாளா என்று அவள் கண்ணில் படும்படி அதை நாலு தடவை மடித்து வைத்தார்.

தேர்வு நாளன்று வெளித்தேர்வாளர் முருகானந்தம் கீழேயிருந்து பஸ்ஸில் வந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவு. பதினைந்தாவது வளைவில் ஒருதரம், நாற்பதாவது வளைவில் ஒருதரம் வாந்தி எடுத்துவிட்டு, முகமெல்லாம் வெளுத்துப் போய்ப் பள்ளிக்குள் நுழைந்தவர் நேராகக் கட்டிலில் போய் விழுந்தார். சின்னுசாமி மரியாதையாக எழுந்து ஸ்டூலுக்கு மாறிக்கொண்டார். இருபது மாணவிகளும் வெள்ளைச் சீருடையில் சுற்றி நின்றார்கள். முதல் தடவையாக அந்தக் கட்டிலில் உண்மையான நோயாளி கிடந்தார். யாரும் ஒன்றும் செய்யவில்லை. வாந்தி இந்த வருஷப் பாடத்தில் வரவில்லை. கடைசியில் சின்னுசாமிதான் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, "மோந்து பாருங்க சார், நின்னுபோயிரும்" என்றார்.

நின்றது. சின்னுசாமி மறுபடி கட்டிலில் படுக்க, தேர்வு தொடங்கியது. முருகானந்தத்துக்கு மூன்றேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இறங்கும்போதும் அதே எழுபது வளைவு இருக்கிறது என்ற கவலை வேறு. மாணவிகள் வரிசையாக வந்தார்கள், பட்டையைச் சுற்றினார்கள், காற்றடித்தார்கள், 120-க்கு 80 என்று எழுதினார்கள். பதினாறு பேர் ஆனது. பதினேழாவதாக ரஞ்சிதா வந்தாள்.

ரஞ்சிதா சோளக்காடு என்ற ஊரின் சந்தையில் அன்னாசியும் மிளகும் விற்கும் குடும்பத்துப் பெண். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பத்து நாள் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு உண்மையாகவே போனவள். மற்றவர்கள் பஸ் ஒத்துக்கொள்ளாது என்று கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இவளுக்குக் கீழே அத்தை வீடு இருந்தது, போய்விட்டாள். அங்கே ஒரு கண்டிப்பான நர்சம்மா, துடிப்பு காதில் விழுந்தால்தான் எழுத வேண்டும், விழாவிட்டால் மறுபடி கட்டு என்று பத்து நாளும் அவளை நச்சரித்து அனுப்பியிருந்தார். அந்தக் கெட்ட பழக்கம் அவளைத் தொற்றிக்கொண்டது.

அவள் பட்டையைக் கட்டினாள். கேட்டாள். அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள். சின்னுசாமி அவளுக்கு உதவியாக உள்ளங்கையைத் தேய்த்துக் காட்டினார். அவள் ஏற்கெனவே கழுவியிருந்தாள்.

"பெரியப்பா, பின்மண்டை வலிக்குதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஏழு வருஷத்தில் அந்தக் கட்டிலில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. என்ன நடிக்க வேண்டும் என்று தெரியாமல் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். "காலையில கொஞ்சம் வலிக்கும் கண்ணு."

அவள் தாளில் 190-க்கு 110 என்று எழுதினாள்.

முருகானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ஏம்மா, ஒரே ஆளு, ஒரே கை. உனக்கு முன்னாடி பதினாறு பேரு நூத்தியிருவதுக்கு எம்பதுன்னு எழுதியிருக்காங்க. உனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"காதுல கேட்டதைத்தானுங்க சார் எழுதினன். நீங்களே ஒருக்கா பாருங்க சார்."

"அப்ப பதினாறு பேரும் தப்பா?"

ரஞ்சிதா பட்டையை அவர் பக்கம் நீட்டினாள். அம்சவேணி சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அர்த்தனாரி கதவருகில் வந்து நின்று, "சீக்கிரம் சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். முருகானந்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பட்டையைக் கட்டிப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். பதினாறுக்கு ஒன்று என்று ஓட்டுக் கணக்கில் முடிவெடுக்க அரை நிமிஷம்கூட ஆகாது.

சின்னுசாமிக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண் வீணாக மார்க்கைத் தொலைக்கிறாளே என்று பதறினார். அவள் பக்கம் சாய்ந்து, "கண்ணு, அடிச்சுட்டு நூத்தியிருவதுன்னு எழுதிப்போடு சாமி. எனக்கு ஒண்ணும் ஆயிராது" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதானுங்க பெரியப்பா எழுதியிருக்கறன்" என்றாள்.

ஐந்து மதிப்பெண்ணுக்குப் பூஜ்யம் போட்டார் முருகானந்தம். மூன்றேகால் பஸ்ஸைப் பிடித்தும் விட்டார்.

வெளியே வந்தபோது சின்னுசாமிக்கு அவள் மேல் இருந்த பரிதாபம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஏழு வருஷம் கட்டிக்காத்த நார்மலை ஒரு பொடிசு வந்து இத்தனை பேர் முன்னால் கெடுத்துவிட்டதே. பொன்னாடை இனி வருமா வராதா? அவள் பின்னாலேயே ஓடிவந்து, நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினாள். 190-க்கு 110 என்று பெரிதாக எழுதி, கீழே 'ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை மரம் ஏற வேண்டாம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள். அவர் அதைக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் வீம்புக்கென்றே ஏணியைத் தூக்கினார். பாவாயி வேண்டாம் என்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினைந்தடி ஏறியதும் மிளகுக் கொடி இரண்டாகத் தெரிந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். மார்புக்கும் மரத்துக்கும் நடுவில் பையிலிருந்த தாள் சரசரவென்றது. உயிர்ப் பயம் என்றால் என்னவென்று அந்த மனிதருக்கு ஐம்பத்தாறு வயதில் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கணுவாகக் காலால் தடவித் தடவி இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்" என்றார். பாவாயி கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் மேஜையில் சுகுணா இருந்தாள். நர்சிங் குரூப்பின் இரண்டாவது செட் மாணவி. பிறகு கீழே போய் டிப்ளமோவும் முடித்து, இப்போது இங்கே நர்சாக வந்திருக்கிறாள்.

"அட, நம்ம பெரியப்பா! வாங்க வாங்க. பெரியம்மாவுக்குக் காட்டறதுங்களா?"

"எனக்குத்தான் கண்ணு. கிறுகிறுன்னு வருது."

"வெயில்ல நின்னிருப்பீங்க" என்றபடியே சுகுணா சீட்டில் அவர் பேரை எழுதினாள். வயது 45 என்று எழுதினாள். அடுத்து, பேனாவை எடுக்காமலேயே, 120-க்கு 80 என்று எழுதினாள். பிரஷர் மெஷின் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஏழு வருஷமாக அவர் பெருமைப்பட்ட எண் அது. இப்போது அதைப் பார்த்ததும் அவர் சீட்டின் மேல் கையை வைத்து மறைத்தார். இதே எண்ணோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நாளைக்கு ஏணியில் ஏறுவோம், மறுபடியும் கொடி இரண்டாகத் தெரியும்.

"கண்ணு, கட்டிப் பாத்துப்போட்டு எழுது."

"உங்களுக்கு எதுக்குங்க பெரியப்பா? உங்களப் பாத்துத்தான நாங்க நார்மலையே படிச்சம்."

"அன்னிக்கெல்லாம் நடிக்க வந்தன் சாமி. இன்னிக்கு நெசமாலுமே வந்திருக்கறன்."

சுகுணா சிரித்துக்கொண்டே கட்டினாள். ஸ்டெதஸ்கோப்பில் கேட்டது 194-க்கு 112. சிரிப்பு நின்றது. மறுபடி கட்டினாள். அடுத்த கையில் கட்டினாள். எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பரிச்சையில எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க பெரியப்பா. டீச்சர் சொன்னதத்தான் எழுதினன்."

"பரவால்ல கண்ணு, இப்பக் கேட்டுச்சுல்ல" என்றார் சின்னுசாமி.

டாக்டர் வந்து பார்த்து, இத்தனை நாள் எப்படி விட்டீர்கள், இதுவரை யாரும் பிரஷரே பார்க்கவில்லையா என்று சத்தம் போட்டார். பாவாயி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகையை அடக்கினாளா சிரிப்பை அடக்கினாளா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒன்று, விடாமல் போட வேண்டும், ஒரு மாசத்துக்கு மரம் ஏறக்கூடாது.

மறுநாள் சின்னுசாமி ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். அந்தப் பெண் எழுதியது சரி என்று முத்திரையோடு இருக்கிறதே, ஐந்து மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பித்தான் போனார். அர்த்தனாரி சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மார்க்கெல்லாம் சீல் வெச்சு அனுப்பிச்சாச்சுங்க. அதும்போக, உங்களுக்கு நெசமாவே நோயின்னா இனிமே நீங்க நோயாளியா இருக்க முடியாதுங்களே."

"ஏனுங்க சார்?"

"பாடத்துக்கு நார்மலான ஆளு வேணுமுங்க. உங்களக் கட்டுல்ல போட்டா புள்ளைங்க நூத்தித் தொண்ணூறுன்னு எழுதும். தேர்வாளர் கேள்வி கேப்பாரு. நூத்துக்கு நூறு என்னாகறது? உங்க ஊர்ல ஆரோக்கியமா யாராச்சும் இருந்தாச் சொல்லி அனுப்புங்க."

அம்சவேணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு வருஷம் கழித்து மறுபடியும் அவருக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது. "சார், இப்பவாச்சும் அந்தப் பொம்மைய எடுக்கலாமுங்களே?"

"என்னங்க டீச்சர், அது ஒடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சின்னுசாமி பீரோவைப் பார்த்தார். இடுக்கு வழியாகப் பொம்மையின் முட்டி தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. அவருக்கு ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது, கேட்டார். "ஏனுங்க சார், எனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

அர்த்தனாரி கெட்ட மனிதரல்ல. கேள்வியை நியாயமாகவே யோசித்தார். "உங்க பேரு ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இல்லீங்களே" என்றார்.

ஆண்டு விழா வந்தது. வாங்கி வைத்த பொன்னாடை வீணாகக்கூடாது என்று அதை முருகானந்தத்துக்குப் போர்த்தினார்கள். அவர் அதற்காகவே மறுபடியும் எழுபது வளைவு ஏறி வந்து, மேடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. சின்னுசாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார். வருத்தம் இல்லை என்று பாவாயியிடம் சொன்னார். இருந்தது.

தேர்வு முடிவில் எல்லோரும் தேர்ச்சி. செய்முறையில் வகுப்பிலேயே குறைந்த மார்க் ரஞ்சிதாவுக்கு. அந்த ஐந்து மார்க்கினால் நர்சிங் டிப்ளமோவுக்கு முதல் பட்டியலில் அவள் பேர் இல்லை. மூன்று வாரம் அந்த வீட்டில் சரியாகச் சோறு இறங்கவில்லை. அந்த மூன்று வாரமும் சின்னுசாமி சோளக்காட்டுப் பக்கம் தலைகாட்டவே கூசினார். இரண்டாம் பட்டியலில் கடைசி நாலு பேருக்கு முன்னால் அவள் பேர் வந்தது.

அவள் சேரப் போகிற அன்றைக்குத்தான் சோளக்காட்டு பஸ் ஸ்டாப்பில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் கையில் தகரப் பெட்டி, அவர் தோளில் மிளகு மூட்டை. அவர் என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"மாத்திரை போடறீங்களா பெரியப்பா?" என்றாள்.

"அதெல்லாம் தவறாம போட்டுக்கறன் கண்ணு."

"அட்டைய எடுங்க."

சட்டைப் பையிலிருந்து அட்டையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தார். அவள் சீட்டில் கடைசியாக மாத்திரை வாங்கிய தேதியைப் பார்த்து, அட்டையில் மிச்சம் இருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "எட்டு இருக்கோணும். பத்து இருக்குது. ரெண்டு நாளு போடல."

ஏழு வருஷம் எத்தனையோ தேர்வாளர்களைச் சமாளித்த சின்னுசாமி திருதிருவென்று விழித்தார். தலையைக் குனிந்துகொண்டார். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் ஊதினார். அவள் ஏறவில்லை. கடையில் ஒரு தண்ணீர்ப் பாக்கெட் வாங்கி, பல்லால் முனையைக் கடித்துக் கொடுத்து, அவர் மாத்திரையை வாயில் போட்டு விழுங்குகிற வரைக்கும் எதிரிலேயே நின்றாள். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.